எண் கேள்வி பதில்: 720720-ஐப் பிரித்துப் பார்ப்போம்

1 முதல் 16 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் மிகச் சிறியது 720720. இதன் பண்புகளைக் கேட்டு வந்த கடிதங்களில், விடையோடு வழிமுறையையும் கேட்டவற்றையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாமல் 720720-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிக்க முடியுமா? 2-ல் தொடங்கி வரிசையாக வகுத்துப் போவதுதான் ஒரே வழியா?

பதில்: வரிசையாக வகுத்தாலும் விடை வந்துவிடும். ஆனால் வகுக்கத் தொடங்கும் முன் எண்ணை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 720 என்ற மூன்று இலக்கங்கள் அடுத்தடுத்து இரு முறை வருகின்றன. ஆகவே எண் 720 × 1000 + 720, அதாவது 720 × 1001. இதில் 1001 = 7 × 11 × 13; 720 = 16 × 9 × 5. வேலை முடிந்தது:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இலக்கங்கள் இப்படித் திரும்ப வராத எண்ணுக்கும் 1001 கைகொடுக்கும். எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, முதல் தொகுதியிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, இப்படியே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கிடைக்கும் சிறிய எண் 7, 11, 13 இவற்றில் எதனால் வகுபடுகிறதோ அதனால் பெரிய எண்ணும் வகுபடும். 831600-க்கு 600 − 831 = −231. இது 3 × 7 × 11 என்பதால் 831600 ஏழாலும் பதினொன்றாலும் வகுபடும், பதின்மூன்றால் வகுபடாது. இடப்பக்கத்திலிருந்து பிரிப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. 1441440 என்றால் 1, 441, 440 என்றே பிரியவேண்டும்.

வரிசையாக வகுப்பவர்கள் எங்கே நிறுத்துவது என்பதிலும் தடுமாறுகிறார்கள். 720720-இன் வர்க்கமூலம் 849-க்குச் சற்றுக் குறைவு. அதற்காக 849 வரை சோதிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை வகுத்த பிறகும் மிஞ்சும் ஈவை வைத்தே எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். 2, 3, 5, 7 எல்லாம் முடிந்ததும் 143 மிஞ்சும்; 11-ஆல் வகுத்தால் 13. 11-இன் வர்க்கம் 121, அது 13-ஐவிடப் பெரியது. ஆகவே 13 பகா எண், அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: இதற்கு 240 காரணிகள் என்கிறார்கள். அடுக்குகளைப் பெருக்கினால் எனக்கு 4 × 2 × 1 × 1 × 1 × 1 = 8 மட்டுமே வருகிறது. எங்கே தவறு?

பதில்: ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிய பிறகு பெருக்கவேண்டும். ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று அல்லது நான்கு முறை எடுக்கலாம். ஆக 5 வாய்ப்புகள். 3-க்கு 3 வாய்ப்புகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் 2. பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. நீங்கள் விட்டது அந்த 'எடுக்காமல் விடும்' வாய்ப்பு. உங்களுக்கு வந்த 8 என்பது ஆறு பகா எண்களும் தவறாமல் இடம்பெறும் காரணிகளின் எண்ணிக்கை.

240 என்பதில் 1-ம் 720720-ம் அடக்கம். எண் முழு வர்க்கம் இல்லாததால் காரணிகள் 120 சோடிகளாக அமையும்; ஒவ்வொரு சோடியிலும் சிறியது 849-க்குக் கீழே இருக்கும். கையால் பட்டியல் போடுபவர்கள் 848 வரை 120 காரணிகள் வந்துவிட்டனவா என்று மட்டும் சரிபார்த்தால் போதும்.

கேள்வி: 1 முதல் 16 வரை பெருக்கினாலே எல்லாவற்றாலும் வகுபடும் எண் கிடைத்துவிடுமே?

பதில்: கிடைக்கும். ஆனால் அது 20922789888000. தேவையைவிட 29030400 மடங்கு பெரியது. மீச்சிறு பொது மடங்குக்கு ஒவ்வொரு பகா எண்ணின் மிகப்பெரிய அடுக்கு ஒன்று போதும். 16-க்குள் அடங்கும் 2-இன் மிகப்பெரிய அடுக்கு 2⁴ = 16, 3-இன் மிகப்பெரிய அடுக்கு 3² = 9. பிறகு 5, 7, 11, 13 ஒவ்வொரு முறை. 6, 10, 12, 14, 15 எல்லாம் இவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். 1 முதல் 15 வரைக்குமான மீ.பொ.ம. 360360, 16 சேர்ந்ததும் அது இரட்டிக்கிறது. 17 சேர்ந்தால் 12252240. 18 சேர்ந்தால் மாற்றமே இல்லை, ஏனென்றால் 18-க்கு வேண்டிய 2-ம் 9-ம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

கேள்வி: 720720 ஓர் 'உயர் பகு எண்' என்று படித்தேன். அதற்கு மேல் 'மேலான உயர் பகு எண்' என்று இன்னொரு வகையும் இருக்கிறதாம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் தன் அளவு காரணிகள் இல்லையென்றால் அது உயர் பகு எண். 498960-க்கு 200 காரணிகள், 554400-க்கு 216, 665280-க்கு 224, 720720-க்கு 240. இந்தச் சாதனையை அடுத்து முறியடிப்பது 1081080, அதற்கு 256. இடையில் 240-ஐச் சமன் செய்யும் எண்கள் உண்டு. பத்து லட்சத்துக்குள் 831600, 942480, 982800, 997920 ஆகிய நான்குக்கும் சரியாக 240 காரணிகளே. சமன் செய்வது போதாது என்பதால் அவை இந்தப் பட்டியலில் சேரா.

இந்த வகையை 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தவர் ராமானுஜன். உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2-லிருந்து இடைவெளி இல்லாமல் வரிசையாக இருக்கவேண்டும், அடுக்குகள் ஏறக்கூடாது, 4, 36 இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1-ஆகவே இருக்கும் என்பவை அதன் அடிப்படைகள். நம் எண்ணின் அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1: மூன்றும் பொருந்துகின்றன. பொருந்தினாலே உயர் பகு எண் ஆகிவிடாது. இது வடிகட்டி மட்டுமே. அதே கட்டுரையில் ராமானுஜன் தந்த நீண்ட பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதன் காரணிகள் 5040. கையால் போட்ட பட்டியலில் ஒன்றே ஒன்று தவறியது என்பது குறையாகத் தோன்றவில்லை, வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி 'மேலான' வகை. பெரிய எண்ணுக்குக் காரணிகள் கூடுவது இயல்பு. அந்தச் சலுகையைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். காரணிகளின் எண்ணிக்கையை, எண்ணின் ஏதோ ஒரு நேர்ம அடுக்கால் வகுத்து மதிப்பெண் போடுகிறோம் என்று வையுங்கள். தகுந்த ஓர் அடுக்கை எடுத்தால் எல்லா எண்களிலும் இதுவே முதலிடம் பெறும் என்றால் அது மேலான உயர் பகு எண்.

720720-க்குத் தகுந்த அடுக்குகளில் ஒன்று 0.265. சோதிப்பது எளிது. ஒவ்வொரு பகா எண்ணையும் 0.265 அடுக்குக்கு உயர்த்தி, 1-ஐக் கழித்து, தலைகீழாக்கி, முழு எண் பகுதியை மட்டும் எடுங்கள். 2-க்கு 4.96 வரும், எடுப்பது 4. 3-க்கு 2.96, எடுப்பது 2. 5-க்கு 1.88, 7-க்கு 1.48, 11-க்கு 1.13, 13-க்கு 1.03, நான்கிலும் எடுப்பது 1. 17-க்கு 0.89, ஆகவே 0. அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1 என்று தாமாகவே வந்து விழுகின்றன. இங்கே அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிவிடாதீர்கள். 4.96-ஐ 5 ஆக்கினால் கணக்கு வேறெங்கோ போய்விடும். அடுக்கை 0.263-க்கும் கீழே கொஞ்சம் இறக்கினால் 2-க்கு நியாயமாகவே 5 கிடைக்கும். அப்போது வருவது அடுத்த மேலான உயர் பகு எண்ணாகிய 1441440. வரிசையில் முந்தையது 55440. இடையில் வந்த 498960 போன்றவை உயர் பகு எண்கள்தாம். 'மேலான' தகுதி அவற்றுக்கு இல்லை.

கேள்வி: காரணிகளின் கூடுதலை வைத்துப் பார்த்தால் இது நிறைவெண்ணா, மிகையெண்ணா?

பதில்: தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் எண்ணுக்குச் சமமானால் நிறைவெண், எண்ணை மிஞ்சினால் மிகையெண். இது மிகையெண், அதுவும் பெரிய அளவில். கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஓர் அடைப்புக்குறி போடுங்கள்: (1 + 2 + 4 + 8 + 16) × (1 + 3 + 9) × (1 + 5) × (1 + 7) × (1 + 11) × (1 + 13). அதாவது 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 3249792. தன்னைக் கழித்தால் 2529072. எண்ணைவிட மூன்றரை மடங்கு. முதல் அடைப்புக்குறியில் 1 + 16 என்று மட்டும் எழுதிவிட்டு, விடை ஒத்துவரவில்லை என்பவர்கள் நிறைய. இடையிலுள்ள 2, 4, 8 மூன்றையும் சேர்க்கவேண்டும்.

கூடுதலை எண்ணால் வகுத்தால் 248/55, ஏறத்தாழ 4.509. நிறைவெண் என்றால் இந்த விகிதம் சரியாக 2. 120-க்கு 3, 30240-க்கு 4 என்று முழு எண் விகிதம் உள்ள பன்மடங்கு நிறைவெண்களும் உண்டு, 4.509 அந்த வகையிலும் சேராது.

இந்த விகிதத்துக்குள் ஆழமான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. எண்ணின் இயல் மடக்கையை எடுங்கள்; அந்த விடைக்கும் இயல் மடக்கை எடுங்கள்; 1.78107-ஆல் பெருக்குங்கள். 720720-க்கு முதல் மடக்கை 13.488, இரண்டாவது 2.602, பெருக்கினால் 4.634. நம் விகிதம் 4.509, இந்த வரம்புக்குள் இருக்கிறது. 5040-ல் இதையே செய்தால் விகிதம் 3.838, வரம்பு 3.817; எண் வரம்பை மீறுகிறது. 5040-க்கு மேல் எந்த எண்ணும் மீறாது என்பதும், பகா எண்களின் பரவலைப் பற்றிய புகழ்பெற்ற ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே என 1984-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ராபின் நிறுவினார். அந்தக் கருதுகோள் இன்னும் நிறுவப்படவில்லை. ஒருவேளை வரம்பு மீறப்படுமானால், 720720 இருக்கும் இந்த 'மாபெரும் மிகையெண்' வரிசையில்தான் முதலில் தேடவேண்டும். மாபெரும் மிகையெண் என்பது காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக அவற்றின் கூடுதலுக்கு அதே மதிப்பெண் முறையைப் பொருத்துவது. அந்த வரிசையின் முதல் 15 எண்களும் மேலான உயர் பகு எண்களின் முதல் 15-ம் ஒன்றே. அதற்குப் பிறகு பிரிகின்றன. ராமானுஜன் இதையும் தொட்டிருந்தார். ஆனால் 1915 கட்டுரையை அச்சிடும்போது விடப்பட்ட பகுதியில் அது தங்கிப்போய், 1997-ல்தான் இதழில் வெளிவந்தது.

கேள்வி: 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும் எண் 720721. எந்தச் சிறிய எண்ணாலும் வகுபடாததால் இது பகா எண்தானே?

பதில்: இல்லை. 720721 = 71 × 10151. 16 வரை வகுபடவில்லை என்றால், அதன் மிகச் சிறிய பகாக் காரணி குறைந்தது 17 என்று மட்டுமே பொருள்; காரணியே இல்லை என்று பொருளல்ல. 17-லிருந்து 848 வரையுள்ள பகா எண்களையும் சோதித்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம். மறுபக்கத்து அண்டை எண்ணான 720719-ம் பகு எண்: 31 × 67 × 347.

இதிலிருந்து இலவசமாக ஒரு முடிவு கிடைக்கிறது. 720720-உடன் 2 முதல் 16 வரை எதைக் கூட்டினாலும் கழித்தாலும், கூட்டிய அல்லது கழித்த எண்ணாலேயே விடை வகுபடும். இரு அண்டை எண்களும் பகு எண்களாக அமைந்துவிட்டதால், 720704 முதல் 720736 வரை 33 எண்களில் ஒரு பகா எண்கூட இல்லை.

கேள்வி: இதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவோ வித்தியாசமாகவோ எழுத முடியுமா?

பதில்: வித்தியாசமாக எழுத 72 வழிகள் உண்டு. மிக அழகானது முதல் முயற்சியிலேயே கிடைக்கும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 849. அதன் வர்க்கம் 720801. நம் எண்ணைக் கழித்தால் 81, அதாவது 9². ஆகவே 720720 = 849² − 9² = 840 × 858. காரணிச் சோடிகளில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானதும் இதுதான். இது ஃபெர்மா காட்டிய காரணிப்படுத்தும் முறை. எல்லா எண்ணுக்கும் இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் என்று நம்பிவிடவேண்டாம். வர்க்கமூலத்துக்கு அருகில் காரணிகள் இல்லாத எண்ணில் ஆயிரக்கணக்கான படிகள் போகும்.

இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்கள் எல்லாம் இரட்டைப்படை அடுக்கில் இருக்கவேண்டும் என்பது விதி. 3-க்கு அடுக்கு 2, சரி. 7, 11 இரண்டுக்கும் அடுக்கு 1, அங்கே அடிபடுகிறது. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 848² + 40² + 4².

இது முழு வர்க்கமாக என்ன செய்யவேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றை அடுக்கில் நிற்கும் 5, 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கலாகிய 5005-ஆல் பெருக்குங்கள். 60060-இன் வர்க்கம் கிடைக்கும்.

கேள்வி: 1-ஐ 720720-ஆல் வகுத்தால் தசமம் எவ்வளவு தூரம் போய்ச் சுழலும்?

பதில்: வியப்பாக, ஆறே இலக்கங்கள். எண்ணை 80 × 9009 என்று பிரியுங்கள்; 2, 5 இரண்டும் 80-க்குள், மீதி 9009-க்குள். 80-ல் 2-இன் அடுக்கு 4, 5-இன் அடுக்கு 1, பெரியது 4. ஆகவே சுழலாத இலக்கங்கள் நான்கு. 9009 சரியாக வகுக்கும் முதல் ஒன்பது வரிசை 999999 (ஈவு 111), ஆகவே சுழற்சி ஆறு. 10000-ஐ 80-ஆல் வகுத்தால் 125. அதை 111-ஆல் பெருக்கினால் 13875. விடை 0.0000 013875 013875… என்று போகும். முன்னாலுள்ள பூச்சியம் சுழற்சியின் பகுதி. அதை விட்டுவிட்டு சுழற்சி ஐந்து இலக்கம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கேள்வி: 720720-க்குள் அதனோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை?

பதில்: 138240. எண்ணை 1/2, 2/3, 4/5, 6/7, 10/11, 12/13 ஆகியவற்றால் வரிசையாகப் பெருக்குங்கள். அடுக்குகளுக்கு இங்கே வேலையில்லை.

கேள்வி: ஹர்ஷத் எண் என்றும் போடுகிறார்களே, அதுவும் முக்கியமான பண்பா?

பதில்: இலக்கங்களின் கூடுதல் 18; 720720 ÷ 18 = 40040; தன் இலக்கங்களின் கூடுதலால் வகுபடுவதால் ஹர்ஷத் எண்தான். அந்தப் பெயரை வைத்தவர் இந்தியக் கணித ஆர்வலர் கப்ரேக்கர். ஆனால் இது பத்தடிமான முறையைச் சார்ந்த பண்பு. எண்ணை வேறு அடிமானத்தில் எழுதினால் இலக்கங்கள் மாறும், விடையும் மாறலாம். இருமத்தில் 10101111111101010000 என்று எழுதினால் பன்னிரண்டு ஒன்றுகள், இரட்டைப்படை. அதற்கும் ஒரு வகைப்பெயர் உண்டு. இவை பொழுதுபோக்குக்கு நல்லவை. 720720 எல்லா அடிமானத்திலும் உயர் பகு எண்ணாகவே இருக்கும் என்பதால் அந்தப் பண்பையே நாங்கள் மேலே வைப்போம். 'நடைமுறை எண்' என்பதும் அடிமானம் சாராத பண்பே: 1 முதல் 3249792 வரை எந்த எண்ணையும் 720720-இன் வெவ்வேறு காரணிகளைக் கூட்டி அடைந்துவிடலாம், எந்தக் காரணியையும் இரு முறை எடுக்காமல்.

கேள்வி: இதேபோல் 16, 17 இலக்க எண்களைக் கணினியில் சோதித்தால் சில நேரம் அபத்தமான விடை வருகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் எண் உள்ளே போகும்போதே மாறியிருக்கும். பல விரிதாள் மென்பொருள்கள் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். அதற்கு மேல் வருபவை பூச்சியமாகிவிடும். நிரல்களில் தசமப் புள்ளி வகை (floating point, double) எண்ணைப் பயன்படுத்தினால் 9007199254740992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணும் பத்திரம். இது 2-இன் 53-ஆம் அடுக்கு. அடுத்த எண்ணான 9007199254740993-ஐக் கொடுத்துப் பாருங்கள். அது ஒற்றைப்படை, 3-ஆல் வகுபடும். உள்ளே போனதும் ஒன்று குறைந்து, 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லாத எண்ணாகிவிடும். பிறகு காரணிகளின் எண்ணிக்கை, கூடுதல், வகைப்பாடு எல்லாமே வேறோர் எண்ணுடையவை.

எல்லை இல்லாத முழு எண் வகை உள்ள நிரல்மொழியில் செய்யுங்கள். வகுக்கும்போது ஈவை முழு எண்ணாகவே தரும் குறியைப் பயன்படுத்துங்கள். சாதாரண வகுத்தல் குறி பல மொழிகளில் விடையைத் தசமமாக்கிவிடும். வர்க்கமூலத்துக்கும் அதே எச்சரிக்கை. கடைசியில், கிடைத்த பகாக் காரணிகளைத் திரும்பப் பெருக்கி, நீங்கள் தட்டச்சு செய்த எண்ணின் கடைசி இலக்கம் வரை ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.